லூர்து அடிப்பது

வெள்ளைக் கேரம் காய் குழியின் விளிம்பில் நிற்கிறது, பாதி உள்ளே, பாதி பலகையில், மேலே குண்டு பல்பு ஆடாமல் தொங்குகிறது, பவுடர் வாசனை, சுற்றி நிற்பவர்கள் யாரும் மூச்சு விடவில்லை, ஊதினாலே விழுந்துவிடும் காய், அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அது கண்ணுக்குள் வந்து இப்படி நிற்கும், இன்று ஷேர் ஆட்டோவில் எதிரே உட்கார்ந்திருக்கும் பையன் சொல்கிறான், இன்டர்வியூல எல்லா ரவுண்டும் முடிச்சான் மச்சி, கடைசி நாளு சர்டிபிகேட்ட வீட்ல வெச்சிட்டுப் பூட்டான், லூர்து அடிச்சிட்டான்டா, பக்கத்திலிருந்தவன் சிரிக்கிறான், நான் கேட்கிறேன், லூர்துன்னா யாருப்பா, ஆளு இல்லக்கா, சும்மா ஒரு வார்த்தை, கைக்கு வந்தத வுட்டா லூர்து அடிச்சிட்டான்னுவோம், எங்கேர்ந்து வந்துச்சு அது, தெர்லக்கா, எங்க மாமா சொல்வாரு, காசிமேட்ல லூர்துன்னு ஒரு போட்டு இருந்துச்சாம், கடலெல்லாம் சுத்திட்டு வந்து கரையாண்ட கவுந்துச்சாம், டேய், உங்க மாமா சரக்கடிச்சா கப்பலே இருந்துச்சும்பாரு.

ஆள்தான், என் அண்ணன், வியாசர்பாடி கேரம் கிளப்பில் அவன் ஸ்டிரைக்கரைத் தொட்டால் எதிரே இருப்பவன் பவுடரைத் தட்டிவிட்டு எழுந்துகொள்வான் என்பார்கள், அந்த இறுதி ஆட்டத்தில் ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, அம்மா மீன் கூடையை இறக்கிவைத்துவிடலாம், அன்று காலை அவன் வெள்ளைச் சட்டையோடு என்முன் வந்து நிற்கிறான், பட்டன் போட்டு வுடு, ஏன், தொரைக்குக் கை இல்லியா, போடுடி, நான் சிரித்துக்கொண்டே போடுகிறேன், அவன் தன் வலது ஆள்காட்டி விரலை இடது கையால் பிசைந்துகொண்டே இருக்கிறான், சாயங்காலம் ஆட்டத்தில் ரெட் காயைப் போட்டுவிட்டான், அடுத்து தன் காய் ஒன்றைப் போட்டே ஆகவேண்டும், அதுதான் ஃபாலோ, போடாவிட்டால் ரெட் திரும்பவும் நடுவுக்கு வந்துவிடும், அந்த வெள்ளைக் காய் குழி வாயிலேயே காத்திருக்கிறது, அவன் விரலை மடக்கி விடுகிறான், ஸ்டிரைக்கர் ஒரு சாண் நகர்ந்து பாதி வழியில் நின்றுவிடுகிறது, யாரோ ரெட்டை எடுத்து நடுவில் வைக்கிறார்கள், பிறகு கூட ஜோடியாக ஆடும் ஏழுமலையின் குரல், எவ்ளோடா வாங்குன லூர்து.

அவன் வீட்டுக்கு வந்து விரலை என்னிடம் நீட்டினான், கிள்ளு, கிள்ளினேன், இன்னும் நல்லா, நகம் பதியக் கிள்ளினேன், அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை, நரம்பு நோய், மெல்ல மேலே ஏறும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்களாம், அம்மாவுக்குத் தெரியாது, போய் ஏழுமலையாண்ட சொல்லேண்ணா, வேணாம், வெரலு செத்துப்போச்சுன்னா பாவம்பானுங்க, வித்துட்டான்னா திட்டுவானுங்க, திட்டிட்டுப் போட்டும், நீயும் சொல்லாத, எப்பவும். நான் சொல்லவில்லை, தெருவில் முதலில் லூர்து மாதிரி வித்துட்டான் என்றுதான் காறித் துப்பினார்கள், மீன் மார்க்கெட்டில் அம்மாவின் காதுபடவே சொன்னார்கள், பிறகு லூர்து ஆட்டம் என்றார்கள், அவன் கட்டிலோடு ஆகி, நான் சோறு ஊட்டத் தொடங்கிய காலத்தில் அது லூர்து அடிக்கிறது என்றாகிவிட்டிருந்தது, பேருந்து நூலிழையில் தவறினால், நிச்சயமான கல்யாணம் நின்றால், பால் பொங்கி வழிந்தால், ஜன்னலுக்கு வெளியே பையன்கள் கத்திக்கொண்டு ஓடுவார்கள், அவன் படுத்தபடியே சிரிப்பான், பார்த்தியா, அந்த வார்த்தைலேர்ந்து வித்தது உதுந்துபோச்சு, வுட்டது மட்டுந்தான் மிச்சம், அது நெஜந்தானே.

இப்போது சொல்லலாம், வாய்வரை வந்துவிட்டது, விற்கவில்லை தம்பி, விரல் செத்துப்போச்சு, ஆனால் சொன்னால் வெறும் வார்த்தைக்குள்ளிருந்து ஆள் எழுந்து வருவான், அவனோடு அந்தக் கேள்வியும் வரும், எவ்ளோ வாங்குன, இறங்கும் இடம் வந்துவிடுகிறது, அந்தப் பையன் என் பையை எடுத்துக் கொடுக்கிறான், பாத்து எறங்குங்கக்கா, நான் சொல்கிறேன், உங்க மாமா சொன்னதுதான்பா சரி, அது போட்டுதான், நானும் கேள்விப்பட்டிருக்கேன், கரை வரைக்கும் ரொம்ப அழகா வந்துச்சாம், பார்த்தியாடா என்று அவன் நண்பனைக் குத்துகிறான், ஆட்டோ போய்விடுகிறது, நான் நடக்கிறேன், நடக்கும்போது அண்ணன் போன அன்றைய சவப்பெட்டி கண்ணுக்குள் வந்து இறங்குகிறது, அதே வெள்ளைச் சட்டை, இப்போது தொளதொளவென்று, நான்தான் பொத்தான் போட்டுவிடுகிறேன், ஒவ்வொன்றாகப் போட்டு மேலே வருகிறேன், கழுத்துப் பொத்தான் மட்டும் பாக்கி, வாசலில் ஏழுமலை மாலையோடு நிற்கிறார், உள்ளே வரவில்லை, வெள்ளைப் பொத்தான் ஓட்டையின் விளிம்பில் நிற்கிறது, பாதி உள்ளே, பாதி துணியில், சுற்றி நிற்பவர்கள் யாரும் மூச்சு விடவில்லை, கட்டைவிரலால் மெல்லத் தள்ளுகிறேன், உள்ளே விழுந்துவிட்டது.