ஐந்தாவது ஏன்

சாம்சனின் ரயில் தடம் புரண்டு, வேலி இடுக்கில் நுழைந்து, பக்கத்து வீட்டில் பழைய சேலையின் மேல் காய்ந்துகொண்டிருந்த ஜவ்வரிசி வடாத்தின் நடுவே போய் மல்லாந்தது. சக்கரம் மட்டும் நிற்கவில்லை. ஒட்டிக்கொண்ட வடாத்தை நாலாபக்கமும் வாரி இறைத்துக்கொண்டிருந்தது. தப்பு முழுக்க அவனுடையதுதான். தோட்டத்தின் கோடியில், முருங்கை மரத்தைத் தாண்டி ஒரு வளைவு. அங்கே தண்டவாளம் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். இன்ஜின் அங்கே வந்ததும் திணறி நின்றுவிடும். வேகமாக விட்டால் பள்ளம் கவனிப்பதற்குள் தாண்டிவிடலாம் என்று ரிமோட்டை முழுதாகத் திருகினான். பள்ளம் கவனித்துவிட்டது.

"இன்னா சாம்சா, ரயிலு வுட ஊர்ல வேற எடமே இல்லியா? என் வடாத்து மேலதான் ஸ்டேஷன் கட்டணுமா?" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கனகம் கத்தினாள்.

"வர்றேங்க்கா. நஷ்ட ஈடு குடுக்கத்தான் ரயில்வே மந்திரியே நேர்ல வர்றாரு."

"வாடா வா. மந்திரி மூஞ்சியப் பாரு."

ரயில் விட்டதற்கும் ஒரு காரணம் உண்டு. படப்பையில் இந்த மனையை விற்றவர், ஒரகடத்துக்கு ரயில் வரப்போகிறது என்று சொல்லித்தான் விற்றார். விசில் சத்தத்தில் தூக்கம் கெடுமே, பரவாயில்லையா சார் என்றுகூட அக்கறையாகக் கேட்டார். வீடு கட்டி, சுவரில் பாசி பிடித்த பிறகும் ரயில் வரவில்லை. சாம்சன் தானே விட்டான். உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. கழித்துப் போட்ட அலுமினியப் பட்டையைக் கேட்டு வாங்கித் தண்டவாளமாக்கினான். பார்சல் வந்த மரச்சட்டங்களை அறுத்துக் குறுக்குக் கட்டைகளாக்கினான். சாண் அகலம்கூட இல்லாத பாதை, பப்பாளியைச் சுற்றி, கறிவேப்பிலைக்குப் பின்னால் ஒளிந்து, துணி துவைக்கும் கல்லை ஒட்டிப் போகும். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவன், தன் சொந்த ரயிலுக்குப் பச்சைக்கொடி காட்டாமல் சாப்பிட உட்காரமாட்டான். இவ்வளவு கௌரவத்தையும் அந்த ஒரு வளைவு கெடுத்துக்கொண்டிருந்தது.

ஜல்லி போட்டு இறுக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று எழுந்திருப்பான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜல்லி இருக்காது. மண் தின்றிருக்கும். இன்னும் ஒரு கூடை கொட்டுவான், அதையும் தின்னும். சத்தமும் அங்கே வேறு மாதிரி. மற்ற இடங்களில் கடகடவென்று அற்பமாக ஓடுகிற ரயில், அந்த வளைவுக்கு வந்ததும் பெரிய ரயிலாகிவிடும். சத்தம் கீழே எங்கேயோ இறங்கிப் போய், தாமதமாகத் திரும்பி மேலே வரும். அவன் மனைவி மதிவதனி அந்தப் பக்கம் துணி உலர்த்துவதையே விட்டுவிட்டாள்.

"அங்க நிக்கசொல்ல காலு சில்லுன்னு ஆவுதுங்க. பாஸ்டரக் கூட்டியாந்து ஒரு ஜெபம் பண்ணிடலாம்."

"பாஸ்டருக்கு லெவல் பாக்கத் தெரியுமா?" என்றான். சிரித்தான். சிரிப்பும் கொஞ்சம் சில்லென்றுதான் இருந்தது.

கம்பெனியில் மெஷின் நின்றால் 'ஏன்' என்று ஐந்து தரம் கேட்க வேண்டும். ஐந்தாவது ஏனில் அசல் காரணம் அகப்படும் என்பது ட்ரெயினிங்கில் சொன்னது. நடப்பில் மூன்றாவது ஏனிலேயே காண்ட்ராக்ட் ஆள் ஒருவன் அகப்பட்டுவிடுவான். மீட்டிங் முடிந்து டீ வந்துவிடும். சாம்சன் வீட்டில் நேர்மையாகக் கேட்டுப் பார்த்தான். ரயில் ஏன் நின்றது? தண்டவாளம் இறங்கியதால். அது ஏன் இறங்கியது? ஜல்லி போனதால். ஜல்லி ஏன் போனது? மண் உள்வாங்குவதால். மண் ஏன் உள்வாங்குகிறது? அது அந்த இடத்து மண் இல்லை, எங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டிய மண். ஏன் கொட்டினார்கள்? அங்கேதான் எல்லோரும் நின்றுவிட்டார்கள். மனை விற்றவர், "சுத்தமான வயலு சார், டாகுமென்ட் கிளியர்" என்றார். டீக்கடையில், "மழ பேஞ்சா அப்டித்தான்" என்று பேச்சை மழைக்குத் திருப்பினார்கள். அந்த வருஷம் மழையே இல்லை. நிலம் முன்பு கனகத்தின் குடும்பத்துடையது. அவளைக் கேட்டால், "எனக்கின்னா தெரியும், நா இன்னா இஞ்சினியரா?" என்பாள். ஆனால் வளைவில் ரயிலின் சத்தம் மாறும்போதெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் முறத்தின் சத்தம் நின்றுபோவதை அவன் கவனித்திருந்தான்.

இன்றைக்கு அதற்கும் ஒரு முடிவு கட்டியிருந்தான். எதிர் மனையில் அஸ்திவாரம் தோண்டும் ஜேசிபிக்காரர் ஐயனார், சாப்பாட்டு நேரம் முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருந்தார். "ரெண்டு பக்கெட் போட்டாத் தெரிஞ்சிடும்ணே, கீழ இன்னா கீதுன்னு."

வேலியைத் தாண்டிப் போய், கனகத்தின் எதிரில் குந்தி உட்கார்ந்து, இன்ஜினை அணைத்தான். சக்கரத்திலிருந்து வடாத்தைச் சுரண்டி எடுக்க ஆரம்பித்தான். அவளும் சிதறியதைப் பொறுக்கினாள். நெற்றியில் எப்போதும்போல் காசளவு குங்குமம்.

"இதான்க்கா கடைசி. ஐயனாரு வர்றாரு. மண்ண மொத்தமா வாரிட்டு, கீழருந்து இறுக்கிக்கினு வந்துட்டா ரயிலு ஒழுங்காப் போவும். ஒன் வடாமும் பொழச்சிக்கும்."

பொறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"எத்தினி ஆழம் போவும் அது?"

"எது?"

"அந்த மிசினு."

சாம்சனுக்கு வாய் வரை ஒரு ஜோக் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

"யக்கா, அங்க இன்னா இருந்துச்சு?"

"கெணறு" என்றாள். இத்தனை நாள் கேட்டதற்கு, இவ்வளவுதான் விஷயம் என்பதுபோலச் சொன்னாள். "தண்ணி வத்திப்போன கெணறு. கல்லுல படி வச்சிருக்கும். எங்கூட்டுக்காரருக்கு யாரு மேலனா கோவம்னா எறங்கி அந்தப் படியில போயி ஒக்காந்துக்குவாரு. சோறு துன்னக் கூப்ட்டா பதிலு வராது. ஒரு கனைப்பு கனைப்பாரு, கீறேன்னு. அவ்ளோதான்."

அவள் புருஷன் பரசுராமன் எங்கே என்று ஊரில் கேட்டால் ஆளுக்கொரு பஸ் சொல்வார்கள். திருப்பதி பஸ் ஏறினார், திருவண்ணாமலை பஸ் ஏறினார், சாமியாராகிவிட்டார். கனகம் எந்த பஸ்ஸையும் மறுத்துப் பேசி அவன் கேட்டதில்லை.

"நெலத்த விக்கக் கூடாதுன்னு அவரு. அவரோட அண்ணன் தம்பிங்க கையெழுத்துப் போட்டுட்டாங்க. காலையில பெரிய சண்ட. எனக்கு அப்ப கம்பெனியில ஹவுஸ்கீப்பிங், பஸ்ஸு வந்திடுச்சு, போயிட்டேன். சாயங்காலம் அதே பஸ்ல வந்து எறங்கறேன், கெணறு இல்ல. லாரி லாரியாக் கொட்டி நெரவிட்டாங்க. அவரையும் காணோம்."

"பாத்தாங்களா... கொட்டறதுக்கு முன்ன?"

"பாத்தோம்னாங்க. யார்றா பாத்ததுன்னு கேட்டேன். அவன் பாத்தான்னு இவன், இவன் பாத்தான்னு அவன். அப்பறம் வாயாலயே அவரப் பஸ்ஸு ஏத்தி வுட்டுட்டாங்க."

வேலிக்கு அந்தப் பக்கம், அவன் வீட்டுப் பின்கட்டு வாசலில் மதிவதனி வந்து நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ, கையிலிருந்த டம்ளரை அப்படியே பிடித்திருந்தாள். "இன்னாங்க," என்றாள், கெஞ்சுகிற குரலில். "வாணாம்னு சொல்லிடுங்க."

எதிர் மனையில் ஜேசிபி உறுமியது. ஐயனார் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற மனிதர்; இன்றைக்கென்று காப்பாற்றினார். மஞ்சள் கை மதிலுக்கு மேலே எழுந்து, வழி கேட்பதுபோல அசைந்தது.

சாம்சன் எழுந்து நின்றான். உலகத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பொழுதுபோக்கு. தபால்தலை சேர்த்திருந்தால் இந்த வம்பு இல்லை. தோண்டினால், ஒன்றும் இல்லாவிட்டால், இவளுக்கு ஒரு மனிதன் எங்கேயோ எந்தக் கோயில் வாசலிலோ உயிரோடு இருப்பான், வராமலே. இருந்துவிட்டால்? அவன் அந்தக் குங்குமத்தைப் பார்த்தான். பார்த்ததற்கு வெட்கப்பட்டு இன்ஜினைப் பார்த்தான்.

"போவச் சொல்லிடறேங்க்கா. பாதையத் திருப்பிக்கிறேன், ஒரு ஞாயித்துக்கெழம வேல. அந்த எடம் அப்டியே கெடக்கட்டும்."

அவள் வடாத்தில் ஒட்டிய மண்ணை ஊதினாள். ஊதினால் போகிற மண் இல்லை அது.

"நீ சொல்லுக்கா. ஒன் வாயால சொல்லு. தோண்டலாமா, வாணாமா?"

கனகம் நிமிர்ந்தாள். இந்த வேலிக்கு மேலாக எத்தனையோ தரம் அவனைக் கிண்டல் செய்த முகம்தான். கிண்டல் மட்டும் அதில் இல்லை.

"தோண்டு" என்றாள்.

பிறகு சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலிப் படலைத் திறந்து அவன் தோட்டத்துக்குள் வந்தாள். கணுக்கால் உயரம்கூட இல்லாத அந்தத் தண்டவாளத்தின் முன் நின்று, இடது பக்கம் பார்த்து, வலது பக்கம் பார்த்து, ஒன்றும் வரவில்லை என்று ஆனபின், கடந்து முருங்கை மரத்தை நோக்கி நடந்தாள்.