தனிமைப் பகுதி

அந்த மதியம் அறையில் இருந்தவர்கள்: கணக்கு டீச்சரான அக்கா, மருத்துவமனை லேபில் ரத்தம் பரிசோதிக்கும் அவள் கணவர், இரவு ஷிப்ட் வேலையை உதறிவிட்டு வீட்டோடு கிடக்கும் தம்பி, இரைந்துகொண்டிருந்த ஒரு பழைய கம்ப்யூட்டர்.

காணாமல் போயிருந்தது நாற்பத்திரண்டு ஆசிரியர்களின் கால அட்டவணை. எக்செல்லில் மேக்ரோ என்ற குட்டி நிரல் போட்டு, மூன்று வாரம் கண் எரிய உட்கார்ந்து அக்கா செய்தது. ஒரே டீச்சர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் விழுந்தால் அந்தக் கட்டம் தானாகச் சிவக்கும். நாலு மணிக்குள் தலைமையாசிரியை கையில் அது இருக்க வேண்டும். இல்லையென்றால் பொறுப்பு வேறு ஆளுக்குப் போய்விடும். மணி இரண்டு.

"ஏங்க, இதுல கை வச்சீங்களா?"

"நான் ஏன் வைக்கிறேன்? காலைல ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓட்டுனேன். அவ்வளவுதான்."

தம்பி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். ஸ்கேன் ரிப்போர்ட்டை மெனு மெனுவாகத் தேடினான். துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

"அங்க என்னத்த தேடுற மாப்ள? பிரிண்ட் எடுத்ததும் அதை அழிச்சிடுவேன்."

அத்தான் அலமாரியிலிருந்து தடித்த ஃபைல் ஒன்றை எடுத்து வந்தார். எல்லாம் தேதிவாரியாக, துளையிட்டு, கீழே கையெழுத்தோடு. ரத்த ரிப்போர்ட் தோற்றது போங்கள்.

இன்றைய தாளில் அட்டவணையின் பெயர் இருந்தது. 'சந்தேகத்துக்குரிய மேக்ரோ. தனிமைப்படுத்தப்பட்டது. 9.10.'

தம்பிக்கு மூச்சு வந்தது. "அழியலக்கா. தனியா எடுத்து வச்சிருக்கு. மீட்டுடலாம்."

"அடுத்த வரியையும் படி," என்றார் அத்தான் பெருமையாக.

'தனிமைப் பகுதி காலி செய்யப்பட்டது. 9.14.'

"எதுக்கு அத்தான் காலி பண்ணீங்க?"

"தொத்து உள்ளதை வீட்டுலயே வச்சுக்கிட்டு இருப்பாங்களா? லேப்ல நாங்க அன்னைக்கே எரிச்சிடுவோம்."

அக்கா கைப்பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். "பென்டிரைவ்ல ஒரு காப்பி வச்சிருந்தேன். எங்க அது?"

அத்தான் முகத்திலிருந்த பெருமை வடிந்தது. "அது... கம்ப்யூட்டர்லதான் சொருகி இருக்கு. வீட்டுல ஒருத்தருக்கு வந்தா மத்தவங்களுக்கும் டெஸ்ட் எடுக்கணும்ல?"

தம்பி தாளைத் திருப்பினான். அதே பெயர். அதே 9.14.

அக்கா கத்துவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவள் ரஃப் நோட்டை எடுத்து விரித்து, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க."

"அக்கா, நான் டைப் அடிச்சுத் தர்றேன்..."

"போடான்னா."

வாசற்படி தாண்டிய அத்தானுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "இன்னைக்கு ரிப்போர்ட்ல நான் இன்னும் கையெழுத்துப் போடலம்மா."

ஃபைல் பறந்து வந்து அவர் காலடியில் விழுந்தது. தாள்கள் நடை முழுக்கச் சிதறின. அவர் குனிந்து தேதிவாரியாக அடுக்கத் தொடங்கினார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. சாவி இரண்டு முறை திரும்பியது.