கழுவிக் காயவைத்த சோளச்சக்கை

மக்காச்சோளத்தைத் தின்றுவிட்டு நாம் வீசியெறியும் சக்கைக்கு இத்தனை மவுசு இருக்கும் என்று சின்னவன் கனவிலும் நினைத்ததில்லை. அவன் வேலைக்குச் சேர்ந்த குழாய்ப் பட்டறையில் அதைக் குருணையாக உடைத்து மூட்டை மூட்டையாக இறக்கினார்கள். முலாம் பூசி ஈரத்தோடு வரும் குழாய்களையும் கதவுப் பிடிகளையும் அந்தக் குருணையோடு ஒரு பெரிய பீப்பாயில் போட்டு உருட்டினால், ஈரத்தையெல்லாம் சக்கை குடித்துவிடும். சாமான்கள் ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று வெளியே வரும்.

அன்று சாயங்காலம் வீட்டில் இதே பேச்சுதான். நெடுநாள் வேலையில்லாமல் அண்ணன் வீட்டில் தின்று தூங்கிக்கொண்டிருந்தவனுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சங்கதி கிடைத்தால் விடுவானா? அண்ணியும் சளைத்தவள் இல்லை. கதிரின் தோலைக் காயவைத்து முறுக்கிப் பாத்திரம் தேய்ப்பவள் அவள். கதிர் நுனியில் இருக்கும் நாரை வேகவைத்து, நீர்க்கடுப்பு என்று அண்ணன் முனகினால் ஒரு டம்ளர் நீட்டுபவள். சக்கை ஒன்றுதான் இதுவரை அவள் கைக்குத் தப்பியிருந்தது. ஈரத்தைக் குடிக்கும் என்றதும் அவளுக்குப் பொறி தட்டிவிட்டது. மொட்டைமாடியில் அவள் காடை வளர்க்கிறாள். கல்யாணமாகி வந்தபிறகு தனக்கென்று அவள் ஆரம்பித்த முதல் காரியம் அது. கூண்டுக்குள் ஈரம் தங்கி நாறுவதுதான் தீராத தலைவலி. அடியில் பரப்ப ஒரு மூட்டை கிடைக்குமா தம்பி என்று கேட்டாள்.

சோறு போட்ட காலமெல்லாம் முகம் சுளிக்காதவள், முதல்முறையாக வாய்விட்டு ஒன்று கேட்கிறாள். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், புது மூட்டையே தருவார் என்று சின்னவன் அளந்துவிட்டான். மறுநாள் முதலாளி எதிரில் நின்றபோது நாக்கு எழவில்லை. சேர்ந்த சூட்டோடு கேட்டால் என்ன நினைப்பாரோ? பட்டறைக்குப் பின்னால், உருட்டி உருட்டிக் கறுத்துப்போன பழைய குருணை கேட்பாரற்றுக் குவிந்து கிடந்தது. அதில் ஒரு மூட்டை அள்ளி, சோப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்தினான். ஏறக்குறைய பழைய நிறம் வந்துவிட்டது. உலோகத் தூளும் மெருகுப் பசையும் உள்ளே ஊறியிருக்குமே என்று அவனுக்குத் தோன்றத்தான் செய்தது. தோன்றியதை ஓரமாகத் தள்ளிவைத்தான். காடை என்ன, சக்கையைத் தின்னவா போகிறது?

தின்றது. காலடியில் எது கிடந்தாலும் கொத்திப் பார்க்கிற புத்தி அதற்கு.

முதலாளியே கொடுத்தனுப்பினார் என்று அவன் சொன்னதை நம்பி, அண்ணி அரை மூட்டையைக் கூண்டில் பரப்பியிருந்தாள். கொஞ்ச நாளில் காடைகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கின. விடிந்தால் ஒன்றிரண்டு மல்லாந்து கிடந்தன. கெட்ட நேரம் பாருங்கள், வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் அண்ணன் அதே வாரம்தான் வேலையிடத்தில் மிஞ்சிய பச்சைப் பெயின்ட்டைக் கொண்டுவந்து, கூண்டுச் சட்டங்களுக்கு ஆசையாசையாகப் பூசியிருந்தான். அண்ணியின் கண்ணுக்கு அந்தப் பச்சை மட்டும்தான் பட்டது.

"உங்க கைய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல?" என்று சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தவள் லேசில் நிறுத்தவில்லை. தான் ஒரு காரியத்தில் நாலு பேர் மெச்ச நிமிர்ந்துவிட்டால் புருஷனுக்குப் பொறுக்காது என்கிற வரைக்கும் போய்விட்டாள். அண்ணனோ, பெயின்ட் வாடை அந்தச் சின்ன உயிர்களுக்கு ஆகாது என்று பெயின்டரான தனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று தானே ஒப்புக்கொண்டான். சின்னவன் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பெயின்ட்டாகவும் இருக்கலாமே என்று மனசுக்குள் ஒரு வக்கீல் அவனுக்காக வாதாடினான். அந்த வக்கீலுக்கே கேஸில் நம்பிக்கை இல்லை.

அன்றிலிருந்து அண்ணி புருஷனோடு பேசுவதில்லை. அண்ணன் வேலை முடிந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் சுரண்டும் தகட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான். சட்டம் சட்டமாகப் பச்சையைச் சுரண்டும் சத்தம் கீழே வரைக்கும் கேட்கும். சின்னவன் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைப்பான். எவ்வளவு சத்தமாக வைத்தாலும் அது கேட்டது. தன்னைப்போல ஒரு கேடுகெட்டவன் உண்டா என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மறுநாள் சொல்லலாம் என்றே ஒவ்வொரு நாளும் போனது.

ஒரு சாயங்காலம், அண்ணி மிச்சமிருந்த காடைகளைக் கூண்டிலிருந்து கீழே கொண்டுவந்து ஒரு மரப்பெட்டிக்கு மாற்றினாள். பெயின்ட் வாடையே படாத இடத்தில் வைத்துப் பார்க்கப் போகிறாளாம். மூட்டையில் பாக்கியிருந்த சக்கையை இழுத்துவந்தாள்.

"இதுங்களையாவது காப்பாத்தணும் தம்பி. நல்லா மெத்துமெத்துன்னு போடுறேன். இந்த வீட்டுல நீ கொண்டுவந்தது ஒண்ணுதான் சுத்தமா இருக்கு" என்று மூட்டையைக் கவிழ்க்கப் போனாள்.

சின்னவன் மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டான்.

"அதப் போடாதீங்க அண்ணி. அது புதுசில்ல. பட்டறைல உருட்டித் தூக்கிப் போட்டது. நான்தான் கழுவிக் கொண்டுவந்தேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்தாள். சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று ஒட்டியது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எப்போதிருந்து தெரியும் என்று கேட்டாள். முதல் காடை செத்த அன்றே சந்தேகம் வந்துவிட்டது என்றான். அடிப்பாள், வீட்டைவிட்டுப் போகச் சொல்லுவாள் என்று காத்திருந்தான். அவள் பெட்டியில் பழைய செய்தித்தாளை விரித்துக் காடைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள்.

"எங்கிட்ட சொன்னது இருக்கட்டும். மேல போய் அவர்கிட்ட சொல்லு. நான் அவரைப் பேசாத பேச்சு பாக்கி இல்ல."

மாடியில் அண்ணன் காலிக் கூண்டின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். விரலில் கிழிசல் துணி சுற்றியிருந்தது. கூண்டு முழுக்க வெறும் மரமாகிவிட்டது. கதவில் மட்டும் கையகலப் பச்சை பாக்கி. சின்னவன் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

அண்ணன் தகட்டைக் கீழே வைத்தான்.

"அப்ப என் பெயின்ட் இல்லையா?"

"இல்லண்ணே."

"நிஜமாவா?"

அவன் முகம் பரீட்சையில் தேறிய பிள்ளையின் முகம்போல மலர்ந்துவிட்டது. அதைப் பார்க்கச் சின்னவனால் முடியவில்லை. கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பான். அதற்குள் அண்ணியும் படியேறி வந்து வாசலில் நின்றிருந்தாள். அண்ணன் தம்பியைத் தாண்டி அவளைப் பார்த்தான். கதவில் இருக்கும் பச்சையை மட்டுமாவது அப்படியே விட்டுவிடலாமா என்று அவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான்.