மேடைக்கு வராதவர்கள்

மருத்துவமனைத் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் அந்த நிறுவனத்தில் சேர்ந்தபோது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இப்போது ஐம்பத்தேழு. நாள் முழுக்க நின்றபடியே ஈரப் போர்வைகளை இயந்திரத்திலிருந்து இழுத்துப் போட வேண்டும். நனைந்த போர்வை பிணக்கனம் கனக்கும். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. போதாக்குறைக்குச் சர்க்கரையும் வந்து ஒட்டிக்கொண்டது. அடுத்த வருடம் ஓய்வு என்ற ஒரே நினைப்பில்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அதில் மண் விழுந்தது. இனி ஓய்வு வயது அறுபத்து மூன்று என்று மேலாளர் எல்லோரையும் கூட்டி வைத்து அறிவித்தார்.

"இப்பல்லாம் ஜனங்க ரொம்ப நாள் வாழறாங்க. அம்பத்தெட்டுல வீட்டுக்குப் போய் என்ன பண்ணப் போறீங்க?" என்று சிரித்தார்.

"உக்காரப் போறோம். அதுக்குத்தான் இங்க வழியே இல்லையே" என்று பக்கத்தில் நின்ற இஸ்திரி அக்கா முணுமுணுத்தாள். இஸ்திரிப் பிரிவிலேயே தலை நரைத்தவள்.

அந்த வாரமே இவளுடைய அப்பா அங்கே வந்து நின்றார். மகள் மறந்து வைத்துவிட்டுப் போன மாத்திரையைக் கொடுக்க வந்தவர், லிப்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாடிப்படி ஏறினார். வயது எண்பத்து நாலு. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மேலாளர் அசந்துபோனார். புதையல் கிடைத்தது போல, வரப்போகும் ஆரோக்கிய தினத்துக்கு அவரையே சிறப்பு விருந்தினராக அழைத்துவிட்டார்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மடிப்புக் கலையாத சட்டையில் மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"ரகசியம்லாம் ஒண்ணுமில்ல. நடை, நேரத்துக்குச் சாப்பாடு, மத்தியானம் ஒரு தூக்கம். எங்க காலத்து உடம்பே வேற! இப்ப இருக்கறதுங்க நடு வயசுலயே மாத்திரை டப்பாவோட அலையுதுங்க. எம்பொண்ணையே எடுத்துக்குங்களேன்..."

கூட்டம் சிரித்தது. மேலாளர் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். "அப்பா படியில ஓடுறார். பொண்ணு முட்டி வலின்னு லீவு கேக்கறாங்க. இதுல யாருக்கு வயசாச்சுன்னே தெரியல!"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முன்னிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சார், எங்க அம்மாவையும் கூப்பிட்டிருக்கலாமே."

"அடடா, தாராளமா! அம்மா எப்படி இருக்காங்க?"

"செத்துட்டாங்க. அம்பத்திரண்டு வயசுல."

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது.

"அவங்களும் அதே காலத்து ஆளுதான். அதே சாப்பாடுதான், சமைச்சதே அவங்கதான். பெரியப்பா பேரப்பிள்ளையப் பாக்காமலே மாரடைப்புல போனார். அத்தை பிரசவத்துல போனாங்க. போனவங்க மேடையேறிப் பேச முடியுமா? மிஞ்சின ஒருத்தரை நிக்க வச்சு அந்தக் காலமே இரும்புன்னா, அது என்ன நியாயம்?"

"உக்காருங்கம்மா, அப்புறம் பேசலாம்..."

"இருங்க சார். அப்பா அம்பத்தெட்டுல வீட்டுக்கு வந்துட்டார். அவரைக் காட்டியா என்னை அறுபத்து மூணு வரைக்கும் நிக்கச் சொல்றீங்க? நான் ரொம்ப நாள் இருப்பேன், சரி. மாத்திரை இருக்க வைக்கும். உசிரோட இருக்கறதும் தெம்போட இருக்கறதும் ஒண்ணா?"

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அப்பா மைக்கை வைத்துவிட்டு இறங்கி விறுவிறுவென்று வெளியே போனார்.

"நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே" என்று வீட்டில் குதித்தார்.

"என் மானத்தை முதல்ல வாங்கினது யாரு?"

அதோடு பேச்சு நின்றது. தண்ணீர் வேண்டுமென்றால்கூடச் சுவரைப் பார்த்துத்தான் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அப்பா தானாகவே வாயைத் திறந்தார்.

"உங்கம்மாவுக்கு அம்பத்திரண்டுதானா அப்போ?"

"என்னைவிடச் சின்னவங்க."

"கிழவி ஆயிட்டான்னுல்ல நினைச்சிட்டிருந்தேன். பாக்க அப்படித்தான் இருந்தா..."

"ஆகல. ஆக்கினோம். நீங்க மத்தியானம் தூங்கினப்ப அவங்க தெருக்கோடியிலேர்ந்து தண்ணி சுமந்தாங்க. ஒரு நாளாவது எழுந்து குடத்தைத் தொட்டிருப்பீங்களா?"

அப்பா தன் கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை.

மறுநாள் காலை நடைக்குப் போனவர் நேராக அவளுடைய நிறுவனத்துக்குப் போய்விட்டார். வாசலில் அவருடைய சிரித்த முகத்தைப் பெரிய சுவரொட்டியாக ஒட்டி, 'முதுமை மனதில்தான்' என்று கீழே எழுதியிருந்தார்கள். வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்க்க அதைக் கிழித்தார். மேலாளர் ஓடி வந்தார்.

"ஐயா, உங்களைப் பெருமைப்படுத்தத்தானே..."

"என் மூஞ்சியைக் காட்டி என் பொண்ணை வேலை வாங்காதீங்க. நான் நல்லா இருக்கேன்னா, இன்னொருத்தி எனக்காகத் தேஞ்சா. அதை எழுதி ஒட்டுங்க."

அவள் அப்போதுதான் உள்ளே நுழைந்தாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமலேயே போய்விட்டார்.

அன்று மூத்தவர்கள் யாரும் இயந்திரத்தைத் தொடவில்லை. மதியம்வரை அழுக்குத் துணி மலையாகக் குவிந்தது. நிர்வாகம் பேச்சுவார்த்தை என்றது, பார்க்கலாம் என்றது. சில நாளில் ஆளுக்கொரு முக்காலி வந்து இறங்கியது. ஓய்வு வயது மட்டும் அறுபத்து மூன்றிலேயே நின்றது.

"பாத்தியாடி, இருக்கிற ரெண்டு காலையும் தேச்சுட்டு முக்காலி குடுத்திருக்கான்" என்றாள் இஸ்திரி அக்கா.

அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கோபம் இன்னும் பெரிதாக வந்தது. முக்காலியைக் காலால் ஓரம் தள்ளினாள்.

"அக்கா, வாங்க. மறுபடியும் கேட்டுட்டு வருவோம்."

மேலாளர் அறைக்கு மாடி ஏற வேண்டும். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து அவள் ஏறத் தொடங்கினாள். பின்னால் மற்றவர்களும் அப்படியே ஏறி வந்தார்கள்.