வால்வுக் குழி

வாளி காலியாகவே மேலே வந்தது. குழாய் பிட்டர் கயிற்றை ஆட்டிப் பார்த்தார். பதில் இல்லை. குழியில் தேங்கிய மழைத் தண்ணீரை மொள்ள இறங்கியிருந்தவன் அவருடைய தங்கை புருஷன். நின்ற இடத்திலேயே கண் அசந்துவிடுகிறவன் என்பதால் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

அனல் மின் நிலையத்தின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, அழுத்தி, குழாய் வழியே பூமிக்கடியில் அனுப்பும் புதுப் பிரிவு அது. குழாய் போகும் வழியில் ஆங்காங்கே ஆழமான வால்வுக் குழிகள். சாம்பல் அள்ளுகிற இடத்தில் இருமி இருமி ஓடாய்த் தேய்ந்தவனை, மேஸ்திரியின் கையைக் காலைப் பிடித்து இங்கே மாற்றிவிட்டதே பிட்டர்தான். தூசி இல்லை, புகை இல்லை, நாற்றம்கூட இல்லை. தங்கை அண்ணனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினாள்.

எட்டிப் பார்த்தார். சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். “உள்ள ஜில்லுனு இருக்கு மச்சான், ஏறி வர மனசே வராது போல” என்று சற்றுமுன் அங்கிருந்து குரல் கொடுத்தவன்தான். பிட்டருக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு விளையாட்டாக ஒரு சின்னக் கல்லைப் போட்டார். கல் அவன் கன்னத்தில் பட்டு மடியில் விழுந்தது. இமைகூட அசையவில்லை.

பிட்டர் அவசரமாக ஏணியில் கால் வைத்தார். நாலு படி இறங்குவதற்குள் மூச்சு முட்டிக் கண் இருட்டியது. ஓடி வந்த மேஸ்திரி காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்.

பாதுகாப்பு அதிகாரி வந்து குழிமேல் குனிந்தார். அவர் இடுப்பில் மாட்டியிருந்த சின்னக் கருவி வீறிட்டது. விருட்டென்று பின்வாங்கினார். குழாய் கசிகிறது, வாயு அடியில் தேங்கியிருக்கிறது, யாரும் இறங்கக்கூடாது என்றார்.

முகமூடி மாட்டிய ஆட்கள் வந்து தூக்கிக் கிடத்தியபோது உயிர் இல்லை. பிட்டர் அவன் கன்னத்தைத் தொட்டார். ஜில்லென்றிருந்தது. தங்கையிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று தெரியவில்லை. நிமிர்ந்து அதிகாரியின் இடுப்பையே வெறித்தார். இப்படி ஒரு கருவி இருப்பதே அவருக்கு இன்றுதான் தெரியும்.

“எறங்குற ஆளுக்கு இதக் குடுத்திருக்கலாமே சார்.”

“இது பர்மனென்ட் ஸ்டாஃபுக்கு மட்டும்தான்பா. கான்ட்ராக்ட் ஆளுங்களுக்குக் கெடையாது.”

“நீங்க எப்பவாச்சும் குழிக்குள்ள எறங்கியிருக்கீங்களா சார்?”

அதிகாரி மூடியைப் போடச் சொல்லிக் குழியருகே போனார். கருவி மறுபடியும் அலறியது. பொத்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்தினார். வாங்கும்போது அதன் முகப்பில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் இன்னும் உரிக்கப்படாமலே இருந்தது. அதற்கடியில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.