சாரல் செலவு

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் போதும், தென்காசிக் கம்பெனிக்காரர்களுக்குத் திடீர் உறவினர்கள் முளைத்துவிடுவார்கள். எல்லாம் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள உறவினர்கள். அவர்களுக்கு ரூம் போட வேண்டும், எண்ணெய் தேய்க்க ஆள் பிடிக்க வேண்டும், புரோட்டாவும் நாட்டுக்கோழியும் வாங்கிக் கொடுக்க வேண்டும். இதற்கு ஊரில் சாரல் செலவு என்று பெயர். லஞ்சம் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

மன்சூரின் கைலிக் கம்பெனியில் ஒன்பது வருஷமாகக் கணக்கெழுதிய ஜோதிலட்சுமியும் அதைச் சாரல் செலவு என்றேதான் எழுதினாள். எழுதியதோடு விட்டாளா? வந்தவர் பேர், பதவி, கூட வந்த மைத்துனன் உட்பட எத்தனை தலை, ஒன்றையும் விடவில்லை. கொடுத்தவனும் குற்றவாளி என்று சட்டம் சொல்கிறது, ஒளிக்காமல் எழுதுவதுதான் கம்பெனிக்குப் பாதுகாப்பு என்று நம்பினாள். பாவம், கணக்கு தெரிந்த அளவுக்கு அவளுக்கு உலகம் தெரியவில்லை.

புதுத் தறிகளுக்காக மன்சூர் இரண்டு கோடி கடன் கேட்டிருந்தார். வங்கியில் இப்போது லஞ்சத் தடுப்பு என்று தனியாக ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். வழக்கு, அபராதம் என்று மாட்டக்கூடிய கம்பெனிக்கு வட்டி கூட. இரண்டு பேர் வந்து கணக்கைப் புரட்டிவிட்டுப் போனார்கள். ஒன்பதரை என்று பேசிய வட்டி பன்னிரண்டாகத் திரும்பி வந்தது. வருஷத்துக்கு ஐந்து லட்சம் தண்டம். பக்கத்துக் கம்பெனி பால்வண்ணநாதனும் அதே லாட்ஜில் அதே ஆட்களுக்கு ரூம் போட்டவர்தான். அவர் கணக்கில் அது 'மெஷின் எண்ணெய்' என்று இருந்தது. அவருக்கு ஒன்பதரையே கிடைத்தது.

மன்சூர் வங்கிக்கு நடையாய் நடந்தார். தவறு செய்த ஊழியர் மேல் நடவடிக்கை எடுத்ததாகக் கடிதம் கொடுத்தால் வட்டியைக் குறைக்கலாம் என்றார் மேனேஜர். ரூம் போடச் சொன்னது முதலாளி, குளித்தது அதிகாரி. அப்புறம் தவறு செய்த ஊழியர் யார்? ஜோதிலட்சுமிக்குப் புரிய இரண்டு நிமிஷம் ஆயிற்று. மகளின் நர்சிங் படிப்பு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி, வீட்டில் வேறு வருமானமும் கிடையாது.

ஆபீசில் டைப் அடிக்க வேறு ஆள் இல்லாததால் அவளை வேலையை விட்டு நீக்கும் அந்தக் கடிதத்தையும் அவளே அடித்தாள்.

"நம்பிக்கை மோசடின்னு போடச் சொல்லுதாங்க பிள்ள," என்றார் மன்சூர், ஜன்னலைப் பார்த்தபடி. "பேங்குக்குக் காட்டத்தான்."

"என் பேருக்கு முன்னால இனிஷியலும் போடணுமா முதலாளி?"

அவர் கம்பெனி முத்திரையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். அடுத்த திங்கட்கிழமை வட்டி ஒன்பதரைக்கு இறங்கியது.

ஜோதிலட்சுமி கடையத்தில் காந்திமதிநாதனின் செங்கல் சூளைக்கு வேலை கேட்டுப் போனாள். ஒளித்துப் பழக்கமில்லாததால் அந்தக் கடிதத்தின் நகலையும் எடுத்து நீட்டினாள். மோசடி என்ற வார்த்தையைப் படித்தும் அவர் முகம் மாறவில்லை. அதெல்லாம் எங்கேயும் உள்ளதுதான், தன் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று சிரித்தார். கம்பெனி பெயரைப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது.

"மன்சூர் கம்பெனில சாரலுக்கு வந்தவங்க பேரையெல்லாம் எழுதி வச்சது நீதானா?"

"ஆமா அண்ணாச்சி."

அவர் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"கையாடல் பண்ணுன ஆளக்கூட வச்சிக்கிடலாம் தாயி. நீ வேற எடம் பாரு."