மேசை இருக்கிற இடத்தில் ஏழு டிராயர்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்தபிறகு நீங்களே கண்டுபிடித்து என்னை ஒரு மாதிரி பார்ப்பதைவிட இது மேல். ஒரு மேசையைக் காப்பாற்றத்தான் இதை எழுதுகிறேன். இலக்கியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எங்களுக்குக் கார் கிடையாது. கார் ஷெட் உண்டு. அதில் என் மனைவி வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறாள். ஒரு சுவரோரம் ஊரார் வீட்டு மெஷின்கள் வரிசையாக நிற்கின்றன. எதிர்ச் சுவரில் தண்ணீர்க் குழாயும் பிளக் பாயிண்டும். மெஷினை ஓட்டிப் பார்ப்பது அங்கே. முன்பக்கம் ஷட்டர். மிச்சமிருக்கிற பின்சுவரோரம் என் எழுத்து மேசை. வீட்டுக்குள் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்காதீர்கள். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் நாங்களே பக்கவாட்டில்தான் நடக்கிறோம்.

போன மாதம் அவள், வேலைச் சாமான்களைப் போட்டு வைக்க நல்ல டூல்ஸ் பெட்டி ஒன்று வாங்க வேண்டும் என்றாள். அதுவரை எல்லாம் காலி பெயிண்ட் வாளிகளில் கிடந்தன. ஒரு ஸ்பேனர் வேண்டுமென்றால் வாளியைத் தரையில் கவிழ்த்து, மண்டியிட்டுத் தேடி, திரும்ப அள்ளிப் போட வேண்டும். அதற்கென்ன, வாங்கிவிடலாம் என்றேன் பெருந்தன்மையாக. எங்கே வைப்பது என்று அப்புறம்தான் கேட்டேன். அவள் என் மேசையைப் பார்த்தாள்.

2

முதல் வரி இப்படி இருக்கலாம்:

‘அந்த இரும்புப் பெட்டி கடையின் மூலையில் ஒரு சிவந்த யானையைப் போல...’

வேண்டாம். யானை என்று எழுதினால் வாசகர் தும்பிக்கையைத் தேடுவார்.

‘ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுப்பது என்பது ஒரு வாழ்க்கையைத் தேர்ந்தெ—’

இதுவும் வேண்டாம். நான் எழுதுவதை முதலில் படிப்பவள் என் மனைவி. கிரீஸ் படிந்த கட்டைவிரலோடு படிப்பாள். எந்த இடத்தில் அலுத்துப்போனாள் என்று கறையை வைத்தே சொல்லிவிடலாம். வாழ்க்கை என்ற சொல்லின்மேல் முழு உள்ளங்கையும் பதிந்திருக்கிறது.

சரி, சுற்றி வளைக்கவில்லை. கடைக்குப் போனோம்.

3

கடைக்காரரை முதல் பிரதியில் பெரிய தந்திரக்காரராக எழுதியிருந்தேன். என்னோடு கண்ஜாடை பேசி, சின்னப் பெட்டியாகப் பார்த்து அவள் தலையில் கட்டுகிறவர். நிஜத்தில் அவர் நல்ல மனிதர். அதனால் கதைக்குக் கால்காசுக்குப் பிரயோஜனமில்லை.

நான் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் காட்டினேன். கையில் தூக்கிப் போகலாம், துருப்பிடிக்காது, கண்ணுக்கு லட்சணமாக இருக்கிறது என்றேன். (மேசைக்கு அடியில் தள்ளிவிடலாம் என்பதைச் சொல்லவில்லை.) அவள் மூடியைத் திறந்து கட்டைவிரலால் லேசாக அழுத்தினாள். கீல் பக்கம் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பெட்டியைப் பூப்போல எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

பிறகு இரும்புப் பெட்டிகள் பக்கம் போனாள். பக்கத் தகட்டை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தாள். இழுப்பறையைக் கடைசிவரை வெளியே இழுத்து, அதன்மேல் முழங்கையை ஊன்றிச் சாய்ந்தாள். அது ஓடும் தடத்தில் பேரிங் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் திறந்துவிட்டால் பெட்டி முன்னால் கவிழ்கிறதா என்று பார்த்தாள். காலியாக இருக்கும்போதே கனமாக இருந்தால்தான் தகடு நல்ல தகடு என்று சொல்லி, ஒரு மூலையைத் தூக்கியும் பார்த்தாள். என்னைக் கட்டிக்கொள்ளும்போது அவள் இவ்வளவு சோதிக்கவில்லை. சோதித்திருந்தால் நஷ்டம் எனக்குத்தான்.

“இது ஆயுசுக்கும் வரும்மா” என்றார் கடைக்காரர்.

“யாரோட ஆயுசுக்கு?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சாரோட ஆயுசுக்குத் தாராளமா வரும்.”

அன்றைக்கு எதுவும் அமையவில்லை. இதே பெட்டியில் இன்னும் பெரிது, ஏழு தட்டு உள்ளது, அடுத்த வாரம் வருகிறது என்றும், போன் செய்து கேட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அந்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

4

இங்கே ஒரு சொல் என் காலை வாரிவிட்டது.

நம் ஊர்ப் பேச்சில் டிராயர் என்றால் அரைக்கால் சட்டை. மேசையிலும் பெட்டியிலும் இழுக்கிற தட்டும் டிராயர்தான். மேலே மூன்றாம் பகுதியில் ‘அவள் டிராயரை வெளியே இழுத்து’ என்றுதான் முதலில் எழுதினேன். வாசித்துப் பார்த்தால், குடும்பப் பத்திரிகை எதுவும் இதைப் போடாது என்று பட்டது. அகராதியைப் புரட்டி ‘இழுப்பறை’ ஆக்கினேன். சொல் பிடித்துப்போனது. ஒரு சொல் பிடித்துவிட்டால் அதைக் கண்ட இடத்திலும் பயன்படுத்துவது எழுத்தாளனுக்கு உள்ள வியாதி.

கடைக்குப் போன் செய்யும் வேலை என்னிடம் வந்தது. ஏழு இழுப்பறை இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் மிகவும் கனிவாக, “இழுப்புக்கெல்லாம் நம்மகிட்ட ஒண்ணும் இல்லைங்க சார். மருந்துக் கடையில கேளுங்க. பனியில மட்டும் நிக்காதீங்க” என்றார்.

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். மனைவியிடம் போய், கடையில் இல்லையாம் என்றேன். யோசித்துப் பாருங்கள், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

5

அவள் விடவில்லை. தம்பியைக் கூப்பிட்டாள்.

என் மச்சினன் சரக்கு வேன் ஓட்டுகிறான். எல்லோரும் அவனை ‘ஆச்சு’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வேலையைச் சொன்னாலும், சொல்லி முடிப்பதற்குள் “ஆச்சு” என்பான். அவள் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு மெஷின் துணி பிழிந்துகொண்டிருந்தது, ஷெட்டே கிடுகிடுத்தது. ஏழு டிராயர் வேண்டும், சிவப்பாக இருக்கட்டும், பெரிய அளவாகப் பார், வருஷக்கணக்காக உழைக்க வேண்டும் என்றாள். பெட்டி என்ற சொல்லை மெஷின் விழுங்கிவிட்டது. ‘ஆச்சுக்கா’ என்று அவனும் வைத்துவிட்டான்.

சாயங்காலம் ஒரு பொட்டலத்தோடு வந்தான். பிரித்தால் ஏழு சிவப்பு அரைக்கால் சட்டைகள். கெட்டித் துணி, இரட்டைத் தையல்.

“என்னடா இது?”

“டிராயர்க்கா. ஏழும் இருக்கு, எண்ணிக்க. கிழியவே கிழியாதாம்.”

“யாருக்குடா?”

“மாமாவுக்குத்தான். நாள் பூரா உக்காந்துக்கிட்டே எழுதுறாரு. தேஞ்சு போகுமில்ல?”

அவள் சிரித்துச் சிரித்து ஒரு மெஷின்மேல் சாய்ந்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நன்றாகவே உழைக்கிறது.

(இந்தக் கதையில் பொய் கலக்காத இடம் இது ஒன்றுதான். — மனைவி)

மறுநாள் அவளே தம்பியோடு வேனில் ஏறிப் போய்ப் பெட்டியை வாங்கி வந்துவிட்டாள். மேசை நகராமல் பெட்டி உள்ளே வராது. தார்ப்பாய் போர்த்தி வாசலில் நிறுத்தினார்கள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்களே, அதுதான் நடக்கப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் அவளுக்கு என்மேல் இரக்கம் உண்டு. எழுதிக்கொண்டிருக்கிற கதையை முடித்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் மேசையை எடுத்துவிடலாம் என்றாள்.

பாவம், எழுத்தாளனிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. அன்றிலிருந்து இந்தக் கதை அனுமார் வால் மாதிரி நீள்கிறது. ஷட்டரைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதினேன். உங்கள்மேல் பரிதாபப்பட்டுத்தான் அதை எடுத்துவிட்டேன்.

6

முடிவே எழுதவில்லை என்று அவள் சந்தேகப்படக் கூடாதல்லவா? சில முடிவுகளை எழுதிக் காட்டினேன்.

அ. பெட்டி உள்ளே வருகிறது. முதல் நாளே தலைகுப்புறக் கவிழ்கிறது. மேசையின் அருமை எல்லோருக்கும் புரிகிறது.

(கனமானதை அடித்தட்டுல வெச்சா எப்படிக் கவிழும்? கதைக்காகப் பெட்டியை அவமானப்படுத்தாதீங்க. — மனைவி)

ஆ. மனைவி ஒருநாள் தற்செயலாகக் கணவனின் கையெழுத்துப் பிரதியைப் படிக்கிறாள். அவள் கண்கள் குளமாகின்றன. ‘இந்த மேசையா, அந்தப் பெட்டியா என்று கேட்டால்’ என்று விம்முகிறாள்...

(இதன் ஓரத்தில் குறிப்பு எதுவும் இல்லை. கறை மட்டும் இருக்கிறது.)

இ. கணவன் தானாகவே எழுந்து மேசையை—

இந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டேன். ஏனென்று உங்களுக்குத் தெரியும்.

7

இன்று காலை ஒரு மெஷின் அவசரம் என்று வந்தது. அவள் வாளியைக் கவிழ்த்தாள். நான் கதையில் நான்காவது முடிவை யோசித்துக்கொண்டிருந்தேன். அதில் வாசலில் இருந்த பெட்டியை யாரோ தவறுதலாக எடுத்துப்போகிறார்கள். அவள் மண்டியிட்டுத் தேடினாள். அந்த வாளியில் இல்லை. அடுத்ததைக் கவிழ்த்தாள். ஸ்பேனர் கிடைத்ததும் எழுந்திருக்க என் மேசை விளிம்பைப் பிடித்தாள். முழங்காலில் ஒரு சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் பெட்டியின் கீலில் கேட்டதைவிடப் பெரிய சத்தம்.

பேனா நின்றுவிட்டது. அதைப் பார்த்து அவள், “நீங்க எழுதுங்க, எழுதுங்க. நான் தொந்தரவு பண்ணல” என்றாள்.

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு வெட்கமாகிவிட்டது. வாசலில் அத்தனை நல்ல பெட்டி நிற்க, இவள் தரையில் தவழ்ந்துகொண்டிருப்பது என் ஒருவனுடைய சாமர்த்தியத்தால். மேசையைப் பிடித்தபடியே அவள் காலை உதறிக்கொண்டிருந்தாள்.

“மேசையை எடுத்துடலாமா?” என்றேன்.

அவள் நம்பவில்லை. “கதை முடிஞ்சிடுச்சா?”

“இல்ல. முடிவை மட்டும் வாசகர்கிட்ட விட்டுடலாம்னு பாக்குறேன்.”

“ஏன், அவங்க என்ன பாவம் பண்ணாங்க?”

நியாயமான கேள்விதான். உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வரிகளை யார் வீட்டு மெஷினோ தெரியவில்லை, அதன் மூடிமேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். மேசை காலியாகிவிட்டது. அது எங்கே போகும், இனி நான் எங்கே உட்காருவேன், இன்னொரு கதை வருமா என்பதெல்லாம் எனக்கே தெரியாது. அவள் மேசையின் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, “ம், தூக்குங்க” என்கிறாள்.

முடிவை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு கையும் வேண்டும்.